கடற்கரையில இருந்தும் கடலில இறங்காத ஆக்களுக்கு: கொழும்பில இருந்து கட்டமரான், டொல்பின் ட்ரிப் போற விதம்

வெள்ளவத்தையில எங்கட ஃபிளட் பல்கனியில நிண்டா ரயில் ரோட்டுக்கு அங்கால கடல்தான். இருபது வருஷமா உப்புக் காத்தில ஜன்னல் கம்பி துருப்பிடிச்சதுதான் கண்ட மிச்சம், முழங்காலுக்கு மேல ஒருநாளும் நனைஞ்சதில்லை. போன வருஷம்தான் முதல் முதலா ஒரு கட்டமரான்ல, அதுதான் ரெட்டை உடம்புப் படகில, ஏறினன், பிறகு டொல்பின் பாக்கக் கற்பிட்டிக்கும் ஒருக்கா போயிட்டு வந்தாச்சு, அதோட சொந்தக்காரர் முழுக்க எனக்குத்தான் கோல் எடுக்கினம், எங்க போறது, எப்ப போறது, நீந்தத் தெரியாதே என்ன செய்யிறது எண்டு. ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் மெசேஜ் போட்டுக் களைச்சுப்போய்த்தான் எல்லாத்தையும் ஒண்டா எழுதுறன்.

முதல் கலண்டரைப் பாருங்கோ

எல்லாரும் எடுத்த உடனை கேக்கிறது எவ்வளவு காசு எண்டு. அதை ஆறுதலாக் கேக்கலாம், முதல் எந்த மாசம் எண்டு பாருங்கோ. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் எங்கட மீன்பிடி சனம் சோளகம் எண்டு சொல்லுற தென்மேல் காத்து மேற்குக் கரையையும் தெற்குக் கரையையும் போட்டு அடிக்கும். அந்த நேரம் தெற்கில மிரிஸ்ஸவிலயோ வடமேற்கில கற்பிட்டியிலயோ டொல்பின் பாக்கப் போறது சரிவராது, அனேகமான போட்டுகளைக் கரையில இழுத்து வைச்சிருப்பினம். நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைக்கும்தான் இந்தப் பக்கம் சீசன், அதிலயும் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் விடியக்காலமையில கடல் தட்டில ஊத்தின எண்ணெய் மாதிரிக் கிடக்கும்.

இதில ஒரு பெரிய வில்லங்கம் என்னெண்டா எங்கட கனடா, லண்டன் சொந்தங்கள் வாறது ஜூலை ஓகஸ்ட்ல, அங்க ஸ்கூல் லீவு, இங்க நல்லூர்த் திருவிழா. "மிரிஸ்ஸவுக்கு டொல்பின் பாக்கப் போவமா" எண்டு பிள்ளையள் வந்து இறங்கின அண்டைக்கே கேக்குங்கள். இல்லையம்மா, இப்ப திருகோணமலைதான் எண்டு சொல்லிப்போடுங்கோ. மேற்கில சோளகம் அடிக்கேக்க கிழக்குக் கடல் அமைதியா இருக்கும், அங்க மே தொடக்கம் செப்டம்பர் வரைக்கும் டொல்பினும் வருது, திமிங்கிலமும் வருது, நிலாவெளியில புறாமலைத் தீவுக்குப் போய் ஸ்நோர்கலிங்கும் (மாஸ்க் போட்டு மிதந்துகொண்டு கடலுக்கடியைப் பாக்கிறது) செய்யலாம். ஆனா கொழும்பில இருந்து கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர், ஒரே நாளில போயிட்டு வாறது எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ, கோட்டை ஸ்டேஷனில இருந்து இரவு ரயிலில போய் ஒரு இரவாவது தங்கோணும். யாழ்ப்பாணம் போற வழியில ஒரு சுத்துச் சுத்திப் போனா கோணேஸ்வரரையும் கும்பிட்டதாப் போகும்.

சரி, நீங்கள் சீசனுக்குள்ள கொழும்பில இருந்து ஒரு நாள் ட்ரிப்தான் போறீங்கள் எண்டு வைச்சுக்கொண்டு மிச்சத்தைச் சொல்லுறன்.

மிரிஸ்ஸவா கற்பிட்டியா

ரெண்டும் ரெண்டு விதம், கலந்து யோசிச்சா ஏமாந்து போவீங்கள். பாய்மரப் பாய் விரிச்ச கட்டமரான், முன்னுக்கு வலையில படுத்துக்கொண்டு படம் எடுக்கிறது, போட்டிலயே சாப்பாடு, இதெல்லாம் வேணுமெண்டா தெற்குப் பக்கம், மிரிஸ்ஸ வெலிகமதான். மாக்கும்புரவில ஹைவேயில ஏறி கொக்மாதுவவில இறங்கினா வெலிகம கிட்ட, விடிய ரோட்டு வெறிச்செண்டு கிடந்தா ரெண்டரை மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம். அங்க நீலத் திமிங்கிலமும் காணலாம், டொல்பின் கூட்டமும் வரும். வான் இல்லாட்டி கரையோர ரயில் வெலிகமவுக்குப் போகுது, ஆனா விடிய ஆறரைக்கு வெளிக்கிடுற போட்டைப் பிடிக்கோணுமெண்டா முதல் நாளே போய் நிக்கோணும்.

டொல்பின்தான் முக்கியம், ஒண்டு ரெண்டு இல்லை நூற்றுக்கணக்கில பாக்கோணும் எண்டா கற்பிட்டி. நீர்கொழும்பு, சிலாபம் தாண்டி, புத்தளத்துக்குக் கொஞ்சம் முந்தி பாலாவியில இடப்பக்கம் திரும்பி நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைக் கடந்து உள்ளுக்குப் போகோணும், எல்லாமா கிட்டத்தட்ட 165 கிலோமீட்டர், நாலு மணித்தியாலம் வைச்சுக்கொள்ளுங்கோ. ஆலங்குடா, கண்டக்குளிப் பக்கத்தில இருந்துதான் போட் வெளிக்கிடும். ஆனா அங்க அனேகமா சின்ன ஃபைபர் போட்தான், பின்னால எஞ்சின், ஆறேழு பேர் இருக்கலாம், பாத்ரூம் இல்லை, நிழலும் பெரும்பாலும் இல்லை. கட்டமரானை அங்க தேடிக்கொண்டு திரியாதேங்கோ. எங்கட ஆக்களுக்குக் கற்பிட்டியில ஒரு பெரிய வசதி, போட்காரர் தமிழ்தான் கதைப்பினம், பயந்த ஆக்களுக்கு அது பாதி மருந்து.

கட்டமரான் எண்டா என்ன எண்டு சின்னம்மா கேட்டா. பேர் எங்கட கட்டுமரம்தான், 1690கள்ல வில்லியம் டாம்பியர் எண்ட ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையில மரங்களைக் கட்டி மிதக்கவிட்டுப் போறதைக் கண்டு எழுதினதோட அந்தச் சொல் இங்கிலிஷுக்குள்ள பரவிச்சு. ஆனா இப்ப கட்டமரான் எண்டு ஓடுறது கட்டின மரமில்லை, ரெண்டு ஒடுங்கலான உடம்பை இடைவெளி விட்டு வைச்சு மேல தளம் போட்ட படகு, அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரர்ட யோசினை, பேர் மட்டும் எங்கட. உங்களுக்கு இதில தெரிய வேண்டியது ஒண்டுதான்: ரெண்டு காலை அகட்டி வைச்சு நிக்கிற ஆளை லேசில தள்ள முடியாது, அது மாதிரித்தான், பக்கவாட்டில ஆடுறது குறைவு. முதல் முறை போற ஆக்கள், வயசான ஆக்கள், சின்னப் பிள்ளையள் இருந்தா கட்டமரானுக்குக் கொஞ்சம் கூடக் காசு குடுக்கிறதில பிழையில்லை. ஆடவே ஆடாது எண்டு மட்டும் நினைக்காதேங்கோ, அது கடல்.

புக் பண்ணேக்க கேக்க வேண்டியது

இந்த இடத்திலதான் நாங்கள் அடி வாங்கினது, அதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன். முதல் ட்ரிப்புக்கு ஒரு இடத்தில வட்ஸ்அப்பில வடிவான படங்களா அனுப்பிச்சினம், வெள்ளை வெளேரெண்டு பெரிய கட்டமரான். பாதிக் காசை பேங்குக்குப் போட்டாச்சு. விடிய அஞ்சே முக்காலுக்குத் துறைமுகத்தில போய் நிண்டா "அந்த போட் ரிப்பேர், இதில ஏறுங்கோ" எண்டு வேற ஒரு ரெண்டு தட்டு போட்டைக் காட்டினாங்கள், அதுக்குள்ள ஏற்கனவே ஒரு பஸ் சனம். எனக்குத் தந்த லைஃப் ஜக்கெட்டில கொழுக்கி உடைஞ்சு நைலோன் கயித்தால கட்டியிருந்தது. நான் மாத்தித் தா எண்டு கேக்க அந்தப் பொடியன் சிரிச்சுக்கொண்டு கயித்தை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கி விட்டான்! நாங்கள் ஏறேல்லை. அட்வான்ஸ் போனது போனதுதான்.

அதுக்குப் பிறகு நான் காசு போட முந்தி கேக்கிற கேள்விகள் இதுதான், அப்படியே நீங்களும் எழுத்தில கேட்டு எழுத்தில பதில் எடுங்கோ: எந்த போட், அண்டைக்கு அது இல்லையெண்டா காசு திரும்ப வருமா, மொத்தம் எத்தனை பேரை ஏத்துவீங்கள், சின்னப் பிள்ளையளுக்கு அளவான லைஃப் ஜக்கெட் இருக்கா, படகுக்கு லைசென்ஸும் இன்சூரன்ஸும் இருக்கா, வனசீவராசிகள் திணைக்கள டிக்கெட் விலைக்குள்ள அடங்குதா, கடல் பிழையெண்டு போகாட்டி என்ன செய்வீங்கள், போய் ஒண்டும் காணாட்டி இன்னொருக்கா கூட்டிக்கொண்டு போவீங்களா. கடைசிக் கேள்விக்கு "கட்டாயம் டொல்பின் வரும், கேரன்டி" எண்டு பதில் வந்தா அந்த ஆளை விட்டுப்போடுங்கோ, டொல்பினைக் கட்டி வளக்கேல்லை கேரன்டி குடுக்க. விலையும் லோக்கல் ஆக்களுக்கு ஒண்டு, வெளிநாட்டு ஆக்களுக்கு இன்னொண்டு, அதால ஐடென்டிட்டி கார்டைக் கையில வைச்சிருங்கோ, உங்களோட வாற ரொறன்ரோ மச்சானுக்கு எவ்வளவு எண்டதை முதலே பேசி முடியுங்கோ, படகடியில நிண்டு பேரம் பேசினா வெக்கம்.

முதல் நாள் இரவு

கொத்து வேண்டாம். எண்ணெய்ச் சாப்பாடு, குடி, நித்திரையில்லாமல் படம் பாக்கிறது மூண்டும் அடுத்த நாள் கடலில வெளிய வரும். வெறும் வயித்தோட போறதும் பிழை, போட் ஏற ஒண்டரை ரெண்டு மணித்தியாலத்துக்கு முந்தி பாணோ வாழைப்பழமோ கொஞ்சமாச் சாப்பிடுங்கோ, கையில இஞ்சி பிஸ்கட் ஒரு பக்கெட்.

சத்திக்குக் குளிசை பாமசியில அவோமின் எண்டு கேட்டா தருவினம், தலைச்சுத்துத் தொடங்கினாப் பிறகு போட்டுப் பிரயோசனமில்லை, முந்தியே போடோணும், எவ்வளவு எப்ப எண்டதைப் பாமசிக்காரரிட்டயே கேளுங்கோ. பிள்ளையளுக்கும், பிள்ளைத்தாச்சிக்கும், வேற மருந்து எடுக்கிற ஆக்களுக்கும் டொக்டரைக் கேக்காமல் குடுக்காதேங்கோ. இன்னொண்டு, இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை: அந்தக் குளிசை நித்திரை தூங்கப் பண்ணும். விடிய ரெண்டரைக்கு எழும்பி ஓடின அண்ணா குளிசையும் போட்டுக் கடலுக்கும் போயிட்டுப் பின்னேரம் திரும்ப வான் ஓடினா என்ன நடக்கும்? ஓடுற ஆள் கடலுக்கு வராமல் வானிலயே படுக்கோணும், இல்லாட்டி காசு குடுத்து ஒரு ட்ரைவரைப் பிடியுங்கோ.

உடுப்பு விஷயத்தில ஜீன்ஸ் வேண்டாம், நனைஞ்சா கல்லு மாதிரிப் பாரமாகும், பிறகு காயவும் காயாது. கெதியாக் காயிற துணியில நீட்டுக் கை டீஷர்ட்டும் ட்ரக் பொட்டமும் போதும், பொம்பிளையளுக்கும் அதுதான் சுகம். மூக்குக் கண்ணாடிக்குப் பின்பக்கம் ஒரு நாடா கட்டுங்கோ. நகை வீட்டில இருக்கட்டும். எங்கட சின்னம்மா தாலிக்கொடியைக் கழட்டவே மாட்டன் எண்டு நிண்டா, கடைசியில டீஷர்ட்டுக்கு உள்பக்கமா ரெண்டு ஊசி குத்திப் பூட்டிக்கொண்டுதான் வந்தவ, வழி முழுக்க ஒரு கை கொடியில, ஒரு கை கம்பியில. சன் கிரீம் வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முந்தி பூசுங்கோ, காது மேலயும் கால் பாதத்து மேலயும் மறக்காதேங்கோ, நான் பாதத்தை மறந்து ஒரு கிழமை சிலிப்பர் போடேலாமல் திரிஞ்சனான்.

போட்டில ஏறின பிறகு

லைஃப் ஜக்கெட்டைப் போட்டுக் கொழுக்கி எல்லாத்தையும் பூட்டிப்போட்டு, பக்கத்தில நிக்கிற ஆளைத் தோள் பட்டியில பிடிச்சு மேல இழுக்கச் சொல்லுங்கோ. நாடிக்கு மேல, காதுக்குக் கிட்ட வந்தா அது உங்களுக்குப் பெரிசு, வேற கேளுங்கோ. பிள்ளையளின்ர ஜக்கெட்டில காலுக்கு இடையால போற பட்டி இருக்கோணும், அது இல்லாட்டி தண்ணிக்குள்ள விழுந்தா ஜக்கெட் மிதக்கும், பிள்ளை கீழால நழுவிப் போகும். நீந்தத் தெரியாத ஆக்கள் போகலாமா எண்டா போகலாம், எங்கட கூட்டத்தில ஒன்பது பேரில ரெண்டு பேருக்குத்தான் நீச்சல் தெரியும், ஆனா வெக்கப்படாமல் ஏறின உடனை போட்காரரிட்டச் சொல்லிப்போடோணும், ஜக்கெட்டைக் கரை வரும் வரைக்கும் கழட்டக்கூடாது, படம் எடுக்கவும் கழட்டக்கூடாது.

கட்டமரான்ல செருப்பைக் கழட்டி ஒரு பெட்டிக்குள்ள போடச் சொல்லுவினம், வெறுங்காலோட நடக்கிறதுதான் வழுக்காது. நடக்கேக்க ஒரு கை எப்பவும் எதையாவது பிடிச்சபடி இருக்கோணும். பாய் விரிச்சிருந்தா பாயின்ர அடியில ஒரு நீட்டுத் தடி குறுக்கால போகும், காத்து மாறேக்க அது சடாரெண்டு மற்றப் பக்கம் வரும், அந்தப் பாதையில தலையை வைச்சிருக்காதேங்கோ. முன்னுக்கு இருக்கிற வலை இளம் ஆக்களுக்கு, அலை கீழால வந்து முழுக்காட்டும். சத்தி வாற ஆக்கள் நடுவில அல்லது பின்னுக்கு, எஞ்சின் புகை படாத இடமாப் பாத்து இருந்து கடலும் வானமும் முட்டுற கோட்டைப் பாத்துக்கொண்டே இருங்கோ. ஃபோனைப் பாக்காதேங்கோ, கீழ் அறைக்குள்ள போய்ப் படுத்தா சரி வரும் எண்டு நினைக்காதேங்கோ, அங்கதான் கூடும். சரி, வந்திட்டுது எண்டா காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது எண்டு பாத்து அதுக்கு முதுகைக் குடுத்துக் குனியுங்கோ. மாமா பாக்கேல்லை. மாமி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறா.

டொல்பின் வாற நேரம்

கற்பிட்டியில கரையில இருந்து கொஞ்ச நேரம் ஓடி, ஆழம் கூடுற இடத்துக்குக் கிட்டப் போனாப் பிறகு போட்கார அண்ணா எஞ்சினைக் குறைச்சார். எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை. "அந்தா பாருங்க தங்கச்சி, பறவ இறங்குது, அதுக்குக் கீழ" எண்டார். பிறகும் தெரியேல்லை. பேந்து எஞ்சினை முழுசா நிப்பாட்ட, முதல் சத்தம்தான் வந்தது, பூஸ்... பூஸ்... எண்டு, பிரஷர் குக்கர் விசில் வைக்க முந்தி மூச்சு விடுற மாதிரி, அதோட மீன் மணம். திரும்பிப் பாத்தா போட்டுக்கு ரெண்டு பாகம் தூரத்துக்குள்ள (பாகம் எண்டா ஆறடி) நாலு முதுகு. அடுத்த நிமிஷம் அங்கால ஒண்டு எழும்பித் தன்னைத்தானே பம்பரம் மாதிரிச் சுத்திக்கொண்டு விழுந்தது, பிறகு இன்னொண்டு, பிறகு எண்ணவே ஏலாது. கரையோர ஆக்கள் இதை ஓங்கில் எண்டுதான் சொல்லுறது. இங்க கூடுதலா வாறது ஸ்பின்னர் எண்ட சாதி, ஆள் உயரத்தை விடக் கொஞ்சம் நீளம், ஒரே பாய்ச்சலில ஏழு சுத்து வரைக்கும் சுத்தும். ஏன் சுத்துது எண்டதுக்கு உடம்பில ஒட்டின மீனை உதறுது, மற்றதுகளுக்கு சத்தத்தால சேதி சொல்லுது எண்டு பல விளக்கம் சொல்லுவினம், அந்தப் போட்கார அண்ணாட்டக் கேட்டா "சந்தோஷம்தான், வேற என்ன" எண்டார்.

இந்தச் சாதி இரவில ஆழத்தில இருந்து மேல வாற சின்ன மீன், கணவாய், இறால் தின்னும், பகலிலதான் ஆறுதல் எடுக்கும். அதாவது நாங்கள் போய்ப் பாக்கிறது அதுகள் நித்திரைக்குப் போற நேரம். அதால போட் அதுகளைக் குறுக்கால மறிக்கக்கூடாது, பக்கத்தில சமாந்தரமா மெதுவா ஓடோணும், மிச்சத்தை அதுகள் பாத்துக்கொள்ளும், விருப்பமெண்டா தானே வந்து போட்டின்ர மூக்கடியில விளையாடும். விசில் அடிக்கிறது, பாண் எறியிறது, தண்ணிக்குள்ள குதிக்கிறது ஒண்டும் வேண்டாம், டொல்பினும் திமிங்கிலமும் எங்கட நாட்டில சட்டத்தால பாதுகாக்கப்பட்டதுகள். உங்கட ஆள் கூட்டத்துக்கு நடுவால துரத்தினா "அண்ணா, துரத்த வேண்டாம், தூர நிண்டு பாப்பம்" எண்டு நீங்களே சொல்லுங்கோ. அனேகமான போட்காரர் துரத்துறதே வாற சனம் கிட்டப் போ கிட்டப் போ எண்டு கத்துறதாலதான். வீடியோ எடுக்கிற ஆக்கள் ரெண்டு நிமிஷம் எடுத்துப்போட்டு ஃபோனை உள்ளுக்கு வையுங்கோ, என்ர ஃபோனில இருக்கிற முப்பத்தெட்டு படத்தில முப்பத்தாறு வெறும் தண்ணி.

வாட்டர் ஸ்போர்ட்ஸ்

எல்லாத்தையும் ஒரே நாளில அடுக்காதேங்கோ. கடலால வந்தாப் பிறகு ஒரு மணித்தியாலம் நிழலில இருந்து தண்ணி குடிச்சு ஆறுங்கோ. மிரிஸ்ஸவால திரும்பி வரேக்க ஹைவேயில வெலிபென்னவில இறங்கினா பெந்தோட்டை கிட்ட, அங்க விளையாட்டெல்லாம் கூடுதலா ஆத்திலதான், அலை இல்லை, முதல் முறை ஆக்களுக்கு அதுதான் இடம்.

பனானா போட் எண்ட காத்தடிச்ச நீளப் படகில ட்ரைவர் கடைசியில வேணுமெண்டே கவிழ்ப்பார், அதுதான் அங்க பகிடி. உங்களுக்கு வேண்டாமெண்டா ஏற முந்தியே "பெரலன்ன எபா" எண்டு சிங்களத்தில சொல்லுங்கோ, ரெண்டு தரம் சொல்லுங்கோ, சிரிச்சுக்கொண்டு சொல்லாதேங்கோ. ஜெட் ஸ்கீயில கையில கட்டுற ஒரு சுருள் கயிறு இருக்கும், நீங்கள் விழுந்தா எஞ்சினை நிப்பாட்டுறது அதுதான், அதை மாட்டாமல் ஓடாதேங்கோ. இன்னொண்டு, கையை விட்டிட்டுத் திருப்பினா ஜெட் ஸ்கீ திரும்பாது, கொஞ்சம் பவர் குடுத்தாத்தான் திரும்பும், முதல் தரம் ஓடுற ஆக்கள் முட்டுறது இதாலதான்.

ஸ்நோர்கலிங்குக்கு மாஸ்க்கை நாடா போடாமல் முகத்தில வைச்சு மூக்கால மூச்சை உள்ளுக்கு இழுத்துப் பாருங்கோ, ஒட்டிக்கொண்டு நிண்டா சரி. மீசைக்காரருக்குத் தண்ணி வரும், என்ன செய்யிறது. கண்ணாடி புகையாமல் இருக்க உள்ளுக்குத் துப்பித் தேய்ச்சுக் கழுவுங்கோ, அருவருப்பெண்டா பேபி ஷம்பூ ஒரு துளி. முருகைக்கல்லில, அதுதான் பவளப்பாறையில, மட்டும் காலை ஊண்டாதேங்கோ, 2016ல கடல் சூடாகிக் கற்பிட்டி பார் ரீஃப்ல நிறைய முருகைக்கல் வெளிறிச் செத்துப்போச்சு, தப்பினதை நாங்களும் மிதிக்கக்கூடாது. கற்பிட்டிக் களப்பில வெள்ளைக்காரர் பட்டம் கட்டிக்கொண்டு பறக்கிற கைட் சர்ஃபிங்கைக் கண்டு ஆசைப்படாதேங்கோ, அது நாள்கணக்கில பழகோணும்.

திரும்பி வரேக்க

கரையில இறங்கினாலும் நிலம் ஆடுற மாதிரி இருக்கும், பயப்பிடாதேங்கோ, நித்திரை கொண்டா போயிடும். ஆருக்கும் கடுமையா ஏதும் எண்டா 1990க்கு அடிச்சா ஆம்புலன்ஸ் இலவசமா வரும். போட்காரருக்குக் கையில கொஞ்சம் குடுங்கோ, துரத்தாமல் ஓடினவருக்குக் கொஞ்சம் கூட. நேரமிருந்தா தலவில அன்னம்மாள் கோயிலடியில நிப்பாட்டிக் கால் நீட்டலாம். கருவாடு வாங்காமல் கற்பிட்டியால ஒருத்தரும் வாறேல்லை, வாங்குங்கோ, ஆனா மூண்டு பையில சுத்தி வானின்ர பின்பக்கம் வையுங்கோ, நாங்கள் சீட்டுக்குக் கீழ வைச்சு சிலாபம் வரைக்கும்கூடத் தாங்கேல்லை.

சின்னம்மா இப்ப அடுத்த போயாவுக்குப் போவமோ எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறா, கொடிக்கு நல்ல ஊசியும் வாங்கி வைச்சிருக்கிறாவாம். போயா லீவில மட்டும் போகாதேங்கோ, அண்டைக்கு டொல்பினை விட போட்தான் கூட நிக்கும். கிழமை நாளில ஒரு லீவைப் போடுங்கோ.